சாட்சித் தண்ணீர்

எங்கள் தெருவில் தண்ணீர்க் கஷ்டம் ஆரம்பித்தது தண்ணீர் வந்த பிறகுதான். அதற்கு முன்னால் இருந்ததைக் கஷ்டம் என்று சொல்ல முடியாது. லாரி வரும், எல்லோரும் ஓடுவோம், ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் அடியும் கிடைக்கும், வீடு திரும்புவோம். பிறகு குடிநீர்த் திட்டம் வந்தது. தெருவின் தலைமாட்டில் உயரமாகத் தொட்டி கட்டி, வீட்டுக்கு ஒரு குழாய் வைத்தார்கள். திறந்தால் கொட்டியது. சண்டை போடக் காரணம் இல்லாமல் சில பேர் இளைத்தே போனார்கள். சவரக்கடைக்காரரின் மனைவி, தொண்டை தூர்ந்துவிடக் கூடாதே என்று தினமும் காலையில் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் திட்டிப் பழகியதை நானே கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு தெருவின் கடைசியில். அது நேராகப் போகிற தெரு அல்ல. தொட்டியடியிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கும், நடுவில் கொஞ்ச தூரம் காலை நீட்டிப் படுத்திருக்கும், பிறகு எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி எழுந்து மேட்டில் ஏறும். ஏறி மூச்சு வாங்குகிற இடத்தில் என் மகளின் சலவைக்கடை. கடைக்கு மேலே மகளும் மாப்பிள்ளையும் நானும் குடியிருக்கிறோம். என் வேலை தலையணை உறைகளை மடிப்பது. நான் மடித்ததை மகள் பிரித்து மறுபடி மடிப்பாள். இப்படி இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ஆள் வேலையைச் செய்துகொண்டிருந்தோம்.

அவள் ஆஸ்பத்திரிக்குத் துவைக்கிறவள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்கள் போடுகிற பச்சை அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். அந்த மூட்டைகளை நம்பித்தான் கடையே நின்றது. தெருக்காரர்கள் எங்களிடம் துணி போடுவது வீட்டில் யாருக்காவது கல்யாணம் ஆனால் மட்டும்தான்.

மாப்பிள்ளை பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். நல்ல மனிதர். ஆனால் வேலை அவரை விட்டு இறங்குவதில்லை. நாற்காலியில் உட்கார்வதற்கு முன்னால் அதன் நான்கு கால்களும் இருக்கின்றனவா என்று பார்ப்பார். என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, பெண் இவள்தானா என்று என்னிடம் ஒரு தடவையும், அவளிடம் ஒரு தடவையும், சந்தேகம் தீராமல் பக்கத்து வீட்டில் ஒரு தடவையும் விசாரித்தார்.

திட்டம் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அதை மதிப்பீடு செய்ய வேண்டும் என்று தண்ணீர் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சின்ன வயசுப் பெண். முகத்தில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அதுதான் எனக்கு அப்போதே பயமாக இருந்தது. தொட்டிக்குக் கீழே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இது எங்க திட்டம் இல்ல, உங்க திட்டம். நாங்க வந்து பார்த்துட்டு நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போனா அது மதிப்பீடு ஆகாது. தண்ணி பிடிக்கிற நீங்கதான் கண்காணிக்கணும். நீங்கதான் அளக்கணும். நல்லா இருக்கா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்."

"அப்ப நீங்க எதுக்கும்மா?" என்று சவரக்கடைக்காரர் கேட்டார். அவருக்குக் கத்தியைப் போல நாக்கும் எப்போதும் கையிலேயே இருக்கும்.

"நீங்க எல்லாரும் பங்கேற்கிறீங்களான்னு பார்க்கத்தான்."

"நாங்க தண்ணியப் பார்க்க, நீங்க எங்களைப் பார்க்க. உங்களை யாரும்மா பார்க்கிறா?"

"அதுக்கு மேல ஒரு குழு இருக்கு," என்றார் அந்தப் பெண், ரொம்ப சீரியஸாக.

அவர் கேட்டது சின்ன விஷயம்தான். வீட்டுக்கு ஒரு அளவு வாளி தருவார்கள். தினமும் ஒரு தடவை, எப்போது தோன்றுகிறதோ அப்போது, வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். இதை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் கண்காணிப்புக் குழுவுக்கு ஒரு செயலாளர் தேவைப்பட்டார். செக் பண்ணிப் பழகின ஆள் வேண்டும் என்று தெருவே திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தது.

அவர் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்த பார்வையில், ரெண்டு பேர் தங்களையறியாமல் சட்டைப்பையைத் தடவினார்கள்.

"தோணின நேரத்துல அளக்கிறதுங்கிற பேச்சே கூடாது," என்றார். "ஓடுற பஸ்ல முன்னால ஏறிச் செக் பண்ணா, ஒரே டிக்கெட்ட பின்னால இருக்கிற நாலு பேர் கை மாத்திக் காட்டுவான். நாங்க என்ன பண்ணுவோம்? வண்டிய நிறுத்துவோம். ரெண்டு கதவையும் மூடுவோம். எல்லாரையும் ஒண்ணா செக் பண்ணுவோம். தண்ணியும் அப்படித்தான். ஒருத்தர் வீட்டுல அளந்த தண்ணியே நாளைக்கு அடுத்த வீட்டுல வந்து நின்னா? காலையில ஏழு மணி. எல்லா வீட்டுலயும் குழாய முழுசாத் திறக்கணும். ஒரே நேரம்."

"தண்ணி எப்படிய்யா கை மாறும்?" என்றேன் நான்.

"அதத்தான் மாமா எல்லாப் பயணியும் கேக்கிறான்," என்றார்.

அதோடு நிற்கவில்லை. "இன்னொண்ணு. வாளி நிரம்பிடுச்சுன்னு வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன். டிக்கெட் எடுத்தேன் சார்னு சொல்றவனை எல்லாம் நம்பிட்டுப் போனா என் வேலை என்னாகிறது? அளந்த தண்ணி அப்படியே இருக்கணும். நான் வந்து பார்த்து வாளில சாக்பீஸால கோடு போடுவேன். கோடு போட்டப்புறம்தான் அந்தத் தண்ணிய எடுக்கலாம். அதுவரைக்கும் அது சாட்சி."

அதிகாரிப் பெண் கண் கலங்கிவிட்டார். எந்தத் தெருவிலும் இப்படி ஒரு பங்கேற்பைப் பார்த்ததில்லையாம். தெருவே கை தட்டியது. என் மகள் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் அந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறவள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெருவில் உள்ள எல்லாக் குழாயும் ஒரே மூச்சில் திறந்தது. அந்தச் சத்தத்துக்கு மூன்றாவது தெருவில் ஒரு மாட்டுக்கொட்டகையே எழுந்து நின்றது என்று சொன்னார்கள். எங்கள் குழாயையும் மாப்பிள்ளை திறந்தார். அது ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு இருமியது. பிறகு ஒன்றும் இல்லை.

மகள் வெறும் வாளியைப் பார்த்தாள். "என்னங்க இது?"

"பூஜ்யம்," என்றார் மாப்பிள்ளை. குரலில் ஒரு பெருமை. "சொந்த வீடுன்னு நான் கூட்டிப் போடல பார்த்தியா?"

"நான் அதைக் கேக்கல. தண்ணி எங்க?"

"பூஜ்யமும் ஒரு அளவுதான். நாளைக்குப் பார்ப்போம்."

நாளைக்கும் பார்த்தோம். அடுத்த நாளும் பார்த்தோம். கீழே இருக்கிற வீடுகளில் வாளி வாளியாகச் சாட்சி நிரம்பியது. மாப்பிள்ளைக்குக் காலையில் டூட்டி. போகிற வழியில் சில வீடுகளில் கோடு போடுவார். மற்ற வீடுகளில் சாட்சி அவர் வரும்வரை கூடத்தில் தட்டு போட்டு மூடி உட்கார்ந்திருக்கும். சாட்சியைத் தொடக் கூடாது என்பதால் புழங்குவதற்கு வேறு தண்ணீர் பிடிக்க வேண்டும். ஆகவே அளந்த பிறகு குழாயை மூடாமல் மறுபடி பிடித்தார்கள். எப்போது நிற்குமோ என்ற பயத்தில் அண்டா, குண்டான் என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்தார்கள். பம்ப் ஓட்டுகிற தொட்டிக்காரர், "தொட்டி நிறையறதுக்குள்ள காலியாகுதய்யா, அதுக்குள்ள நான் பீடி பத்தவைக்கக்கூட நேரமில்ல" என்று புலம்பினார். தெருவில் அவ்வளவு தண்ணீர் ஒரே சமயத்தில் இருந்ததே கிடையாது. எங்களுக்கு மட்டும் முகம் கழுவ இல்லை.

எங்கள் குழாய்க்குள் ஒரு சிலந்தி குடிவந்தது. முதலில் தனியாகத்தான் இருந்தது. அந்த வாரக் கடைசியில் பார்த்தால் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

எங்களுக்கு அடுத்த கீழ்ப்படியில் சவரக்கடை. அங்கே தண்ணீர் வரும், ஆனால் மனம் வராமல் வரும். ஒரு கிண்ணம் தேறும். அதை வைத்து முகத்தில் ஒரு பக்கம்தான் சவரம் பண்ண முடியும். மறுபக்கத்துக்கு மறுநாள் வரச் சொல்லி அனுப்பினார். மறுநாள் வந்தால் முதல் பக்கம் வளர்ந்திருக்கும். எங்கள் தெரு ஆண்கள் கொஞ்ச காலம் போகும்போது ஒரு ஆளாகவும் வரும்போது இன்னொரு ஆளாகவும் இருந்தார்கள். ஒருவர் வாங்கின கடனை இடது பக்கத்துக்காரர் வாங்கினார் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

இதெல்லாம் வேடிக்கை. என் மகளுக்கு வேடிக்கையாக இல்லை. ஆஸ்பத்திரி மூட்டைகள் கடையில் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டன. தள்ளுவண்டியில் ட்ரம் வைத்து அடுத்த தெருக் கிணற்றிலிருந்து கொண்டுவந்து துவைத்துப் பார்த்தாள். விரிப்பு வெளுப்பதற்குள் இவள் வெளுத்துப் போனாள். ஆஸ்பத்திரி மேட்ரன் போனில் கூப்பிட்டார். அந்த அம்மாள் போனில் பேசினால் எதிர்ச் சுவருக்கும் கேட்கும்.

"இங்க நோயாளிங்களை வெறும் மெத்தையில படுக்க வச்சிருக்கேன்மா! வெள்ளிக்கிழமை காலையில வண்டி வரும். எல்லாம் சுத்தமா ரெடியா இருந்தா எடுத்துட்டு வருவாங்க. இல்லேன்னா அழுக்கோட எடுத்துட்டு வேற கடைக்குப் போயிடும். அப்புறம் உன் கடைக்கு வண்டி வராது. எனக்குச் சொல்லிச் சொல்லிச் சலிச்சுப் போச்சு."

போனை வைத்துவிட்டு மகள் புருஷனிடம் வந்தாள். "கீழ வீட்டுல எல்லாம் வாளி வாளியா நிக்குதுல்ல? அதக் கேட்டு வாங்கிட்டு வாங்க. இந்த மூட்டைய மட்டும் முடிச்சிடறேன்."

"அது சாட்சிம்மா."

"கோடு போட்டுட்டு எடுத்துட்டு வாங்களேன்!"

"கோடு போட்டா அது அவங்க தண்ணி. கோடு போடலேன்னா சாட்சி. ரெண்டுலயும் நமக்குப் பாத்தியதை இல்லையே."

"அப்ப நான் எதுல துவைக்கிறது? உங்க பூஜ்யத்துலயா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மடித்திருந்த உறையைப் பிரித்து மறுபடி மடித்தேன். புருஷன் பெண்டாட்டி சண்டையில் மாமனாருக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

கடைசிக் குழாயில் தொடர்ந்து பூஜ்யம் வருவதைப் பார்த்து அதிகாரிப் பெண் ஓடி வந்தார். அவர் காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். அதற்கு இன்னும் நிறைய விவரம் வேண்டும். ஆகவே காலையில் மட்டும் அல்ல, சாயங்காலமும் அளக்கலாம் என்றார். அன்றிலிருந்து சிலந்திக் குடும்பம் சாயங்காலமும் நிம்மதியாக இருந்தது.

அத்தோடு ஒரு மதிப்பீட்டுக் கூட்டமும் போட்டார். மூன்று டப்பா வைத்தார். நல்லா இருக்கு, பரவாயில்ல, மோசம். ஆளுக்கு ஒரு கூழாங்கல் கொடுத்து, திட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ அந்த டப்பாவில் போடச் சொன்னார். கீழ் வீட்டுக்காரர்கள் எல்லோரும் நல்லா இருக்கு டப்பாவில் போட்டார்கள். அவர்கள் கூடத்தில்தான் தண்ணீர் நிற்கிறதே. நானும் மகளும் மோசத்தில் போட்டோம். மாப்பிள்ளை, செயலாளர் பாரபட்சம் காட்டக் கூடாது என்று மூன்று டப்பாவுக்கும் வெளியே வைத்தார். சவரக்கடைக்காரர் கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, கல்லைப் போடலையா?" என்றார் அதிகாரி.

"என் கருத்த நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்மா. இங்க வச்சா பத்திரமா இருக்கும்னு தோணல."

எண்ணிப் பார்த்துவிட்டு, திட்டம் மிகச் சிறப்பாக நடப்பதாகவும், கடைசி வீட்டுக்காரர்களுக்குப் பங்கேற்பு உணர்வு கொஞ்சம் போதாது என்றும் முடிவானது. என் மகள் அந்தக் கூழாங்கல் டப்பாவைப் பார்த்த பார்வையில், அதிகாரி அதை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு விபரீதம் நடந்தது. வாளிகள் எல்லாம் ஒரே அளவுதானா என்று மேல் குழுவுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். எல்லா வாளியையும் வண்டியில் ஏற்றிப் பரிசோதிக்க அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெருவில் ஒருத்தரும் குழாயைத் திறக்கவில்லை. வாளி இல்லாமல் எதற்குத் திறப்பது? பத்துமணி வாக்கில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். பிறகு யாரோ குளித்தார்கள். தொட்டி வந்த புதிதில் இருந்த மாதிரி.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், ஏழேகாலுக்கே, திறந்தபடி கிடந்த எங்கள் குழாய் உறுமியது. சிலந்தி குடும்பத்தோடு வெளியே வந்து விழுந்தது, சாமான் செட்டோடு. பின்னாலேயே தண்ணீர். கட்டை விரல் கனத்துக்கு இல்லை, என் கை மணிக்கட்டுக் கனத்துக்கு. குழாயின் தலை பிய்த்துக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி அதே இடத்தில் மாட்டிக்கொண்டது. நம்பாதவர்கள் சுவரில் இருக்கிற பள்ளத்தைப் பார்க்கலாம்.

"அப்பா! ட்ரம்ம எடுங்கப்பா! அண்டாவ எடுங்க! நிக்காதீங்க!" என்று மகள் கத்தினாள். இருந்ததையெல்லாம் நிரப்பினோம். பாதி மூட்டைகளை அன்றைக்கே அலசிவிட்டாள்.

டூட்டி முடிந்து மாப்பிள்ளை வந்ததும் அவள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "தண்ணி வந்துச்சு! காலையில இருந்து வந்துச்சு!"

அவர் கொடியில் தொங்கிய விரிப்புகளைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். ஈரம்தான். "எதுல அளந்தே?"

"வாளிதான் ஒண்ணும் இல்லையே."

"அப்ப வரல."

"கொடியில காயுது பாருங்க!"

"அது துணி. அளவு இல்ல. என்கிட்ட ஒருத்தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டு, பஸ்லதான் சார் வந்தேன்னா நான் என்ன சொல்வேன்? டிக்கெட் இல்லேன்னா நீ வரவே இல்லடான்னு சொல்வேன்."

மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அளக்காத அன்னைக்கு வருது. அளந்தா வரல. எல்லாரும் ஒரே நேரத்துல திறந்தா மேட்டுக்கு எப்படிங்க ஏறும்? நீங்க அளக்கிறதாலதான் தண்ணியே வரல."

"ஒரு நாள் நடந்தத வச்சு எதுவும் சொல்ல முடியாது," என்றார் மாப்பிள்ளை. "தொடர்ந்து அளந்து பார்த்தாத்தான் தெரியும்."

மறுநாள் வாளிகள் முத்திரை குத்தித் திரும்பி வந்தன. ஏழு மணி. பெருமூச்சு. இருமல். பூஜ்யம்.

மகள் தண்ணீர் அலுவலகத்துக்கே போனாள். துணைக்கு நானும் போனேன். அதிகாரிப் பெண் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, முழுசாகக் கேட்டார்.

"அக்கா, நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்னு தோணுது. எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா அளக்கிறத நிறுத்தினா பங்கேற்பு இல்லேன்னு ஆயிடும். பங்கேற்பு இல்லாத திட்டம் தோத்துப் போன திட்டம். தோத்துப் போன திட்டத்துக்கு எங்க ஆளுங்க தண்ணி விட மாட்டாங்க."

"இப்பவும் எனக்குத் தண்ணி வரலையேம்மா."

"ஆனா இப்ப வெற்றிகரமா வரல அக்கா. அது வேற."

மகள் என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். வாசலுக்கு வந்ததும் பாக்கி மூட்டைகளைப் பார்த்தாள். புதன்கிழமை ஆகியிருந்தது. "அப்பா, இனிமே நியாயம் பேசிப் பிரயோஜனம் இல்லை," என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. எந்தப் பிள்ளையும் அதைத் தானாகக் கண்டுபிடிப்பதுதான் நல்லது.

அன்று சாயங்காலம் குழுக் கூட்டம். தொட்டியடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் எழுந்தாள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"எனக்கு ஒரு சந்தேகம். ஒவ்வொரு வீட்டுலயும் வாளி நிரம்பறத அந்தந்த வீட்டுக்காரங்கதானே பார்க்கிறாங்க? வேற யாராவது பார்த்தீங்களா?"

கூட்டம் கொஞ்சம் நெளிந்தது.

"என் வீட்டுக்காரர் வந்து பார்க்கிறப்ப வாளி நிரம்பி நிக்குது. சரி. குழாயில பிடிச்சதா, முந்தின நாள் பிடிச்சு வச்சதான்னு யாருக்குத் தெரியும்?"

அவ்வளவுதான். அந்தத் தெருவில் பல நாளாகச் சண்டைக்குப் பட்டினி கிடந்தவர்கள் நிறையப் பேர். சவரக்கடைக்காரரின் மனைவி முதல் ஆளாக எழுந்தார். பழகின தொண்டை வீண் போகவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்! எதிர் வீட்டு வாளில பாசி பிடிச்சிருந்துச்சு! ஒரு நாளுல பாசி பிடிக்குமா?"

"உங்க வாளில மீனே ஓடிச்சே!"

"ஓடினா ஓடட்டும், உன் வீட்டுக்கா வந்துச்சு?"

மாப்பிள்ளையின் முகம் இருண்டது. பழைய டிக்கெட்டில் இத்தனை நாள் ஒரு தெருவே பயணம் செய்திருக்கிறது! "இதுக்கு என்ன வழி?" என்றார், உடைந்த குரலில்.

"எல்லாரும் ஒரே இடத்துல அளக்கணும்," என்றாள் மகள். "எல்லார் கண்ணு முன்னாலயும். அவங்கவங்க வாளிய எடுத்துட்டு வந்து, வரிசையா. வீட்டுக் குழாய் எல்லாம் அதுவரைக்கும் மூடியிருக்கணும். இல்லேன்னா உள்ள ஒருத்தர் திருட்டுத்தனமா பிடிப்பாங்க."

கூட்டத்துக்கு இது ரொம்பப் பிடித்தது. எங்கே அளப்பது என்றுதான் தகராறு. ஆளாளுக்குத் தன் வீடு என்றார்கள். அடுத்தவன் வீட்டில் வைத்தால் அவன் கூடுதலாகப் பிடித்துக்கொள்வான் என்றார்கள். வாய் வலிக்கும்வரை விட்டுவிட்டு, சவரக்கடைக்காரர் சொன்னார்.

"லாண்டரியில வச்சுக்கலாம்யா. அங்கதான் தண்ணியே வராதே. ஒருத்தனும் ஏமாத்த முடியாது."

எல்லோரும் அந்தப் புத்திசாலித்தனத்தைப் பாராட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பிச் சட்டைப்பையில் இருந்த கூழாங்கல்லைத் தடவிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை மாப்பிள்ளை விடுப்பு எடுத்துக்கொண்டு, தெருவின் தலையிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு வீடாகப் போய்க் குழாய்கள் மூடியிருக்கின்றனவா என்று திருகிப் பார்த்துவிட்டு வந்தார். தெருவே வாளியும் கையுமாக எங்கள் மேட்டில் ஏறி வரிசையில் நின்றது. ஏழு மணிக்கு அவரே குழாயைத் திறந்தார்.

கொட்டியது.

"பூஜ்யம் இல்ல," என்றார் மாப்பிள்ளை. ஏதோ நெருங்கிய உறவினரைப் பறிகொடுத்தவர் மாதிரி இருந்தது அவர் குரல்.

வரிசை நகர்ந்தது. நிரம்பின வாளிகளோடு ஆட்கள் திரும்பி நின்றார்கள். கடைக்குள் இடம் இல்லை. "சாட்சிய எங்க வைக்கிறது செயலாளரே?"

மகள் சலவைத் தொட்டியைக் காட்டினாள். "இதுல ஊத்துங்க. எல்லாருக்கும் பொதுவா ஒரே சாட்சி."

மாப்பிள்ளை யோசித்தார். அவர் யோசிக்கும்போது விரல்கள் டிக்கெட் கிழிக்கும். "குரூப் டிக்கெட்," என்றார் கடைசியில். "கல்யாண கோஷ்டிக்கு அப்படி ஒண்ணு இருக்கு. செல்லும்."

தொட்டி நிரம்பியது. அடுத்த தொட்டியும். மகள் சாக்பீஸை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "பார்த்துட்டீங்கல்ல? கோடு போடுங்க."

அவர் குனிந்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு கோடு போட்டார். கோடு போட்டால் எடுக்கலாம் என்பது அவர் சட்டம். கோட்டின் மாவு கீழே உதிர்வதற்குள் என் மகள் முதல் மூட்டையை உள்ளே தள்ளிவிட்டாள்.

"ஏய், சாட்சில..." என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"செக் பண்ணியாச்சு. பயணி இறங்கியாச்சு. இனி டிக்கெட் எதுக்கு?"

அவர் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவந்தது அது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக உறை மடித்துக்கொண்டிருப்பேன். அளந்து முடித்த தெரு வீட்டுக்குப் போக வேண்டாமா? போகவில்லை. இவ்வளவு காலையில் எழுந்து, மேடேறி வந்து, அளந்தது சட்டென்று முடிந்துவிட்டதில் எல்லோருக்கும் ஏமாற்றம். கண்காணிக்கிற பழக்கம் ஏறிவிட்டது, இறங்க மாட்டேன் என்கிறது. வெறும் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து என் மகளைக் கண்காணிக்க ஆரம்பித்தார்கள்.

"சோப்பு கொஞ்சம் கம்மியா இருக்கே?"

"அந்த விரிப்புல ஓரத்துல ஒரு கறை. பார்த்தியா இல்லையாம்மா?"

"பெரியவர் மடிக்கிறது கோணலா இருக்கு. இதுக்கு ஒரு டப்பா வைக்கலாமே?"

நல்லா இருக்கு, பரவாயில்ல, மோசம். எங்கிருந்தோ மூன்று டப்பா வந்துவிட்டது. நடுத்தெருவில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் என் மடிப்பைப் பார்த்துவிட்டுக் கல்லைத் தேடிக்கொண்டு வெளியே போனார். மகள் முழங்கைவரை நுரையோடு நிமிர்ந்தாள். மறுநாள் காலை வண்டி. பாக்கி மூட்டை இன்னும் இடுப்பு உயரத்துக்கு நின்றது. இவள் கத்தப் போகிறாள் என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன். அவள் கத்தவில்லை.

"வாங்க, எல்லாரும் தாராளமா மதிப்பீடு பண்ணுங்க," என்றாள். "ஆனா பார்த்துட்டுச் சும்மா சொன்னா நான் நம்ப மாட்டேன். ஆளுக்கு ஒரு விரிப்பு பிழியணும். பிழிஞ்சவங்க கல்லு மட்டும்தான் செல்லும்."

கருத்துச் சொல்வதற்காக எங்கள் தெருக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். சவரக்கடைக்காரரின் மனைவி ஒரு விரிப்பைப் பிழிந்தார். அது வெயிலில் போடாமலேயே காய்ந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர் போட்டிக்குப் பிழிந்ததில் ஒரு இரட்டை விரிப்பு ஒற்றை விரிப்பானது. மாப்பிள்ளை வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டார். இடையில் யாராவது பிழியாமல் கல் போடுகிறார்களா என்று உள்ளங்கையை விரிக்கச் சொல்லி ஈரம் பார்த்தார். வெயில் இறங்குவதற்குள் தெரு முழுக்க வெள்ளைக் கொடி பறந்தது. கடைசியில் டப்பாவைத் திறந்தால், தெருவே சேர்ந்து பிழிந்த சலவைக்கு மோசம் டப்பாவில்தான் கல் அதிகம். ஒவ்வொருத்தரும் அடுத்தவர் பிழிந்ததைத்தான் மதிப்பிட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்தது. எல்லா மூட்டையும் ஏறியது. தெருக்காரர்கள் வழக்கம்போல வாளியோடு வந்து நின்று, வண்டியின் டயரில் காற்று போதுமா என்று கருத்துச் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேட்ரன் போன். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"பரவாயில்லையேம்மா, நல்லா வெளுத்திருக்கே! வண்டி தொடர்ந்து வரும், கவலைப்படாதே. ஆனா ஒண்ணு. உன் தெருவுல ஏதோ எல்லாரும் சேர்ந்து கண்காணிக்கிறாங்களாமே? டிரைவர் வந்து சொன்னார். ரொம்ப நல்ல விஷயம். எங்க நோயாளிங்க தரப்புலயும் ஒரு குழு போட்டு உன் கடைக்கு அனுப்பலாம்னு இருக்கேன். விரிப்புல படுக்கிறவங்க அவங்கதானே? அவங்கதானே சொல்லணும்?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். போனை என் கையில் திணித்துவிட்டு, சலவைத் தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

நான் காதில் வைத்தேன். "தாராளமா அனுப்புங்கம்மா," என்றேன். "கையில கட்டு போட்டவங்கள மட்டும் விட்டுடுங்க. இங்க பிழியற வேலை."